மறுபக்கத்து ஒட்டு

தோன்யா ஸ்தேனா
9 ஜனவரி 2017

நெவெனா,

டிசம்பரில் நிக்கோலா திருநாள் அன்று வீட்டில் இருந்தவர்கள்: கையில் மது ஜாடியோடு நின்றுகொண்டிருந்த உன் அப்பா ஸ்ரெதென். அடுப்புக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்த உன் அம்மா ருஷிட்சா. ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்ட என் தங்கை தெசாங்கா. பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்த கப்பல் பட்டறை மேஸ்திரி க்வோஸ்தென். உன்னோடு பெல்கிரேடிலிருந்து வந்த உன் பேராசிரியர் வுகாஷின், என் கெண்டைமீனை வாய்விட்டுப் புகழ்ந்த ஒரே மனுஷர். தலைத்துண்டை அவருக்குத்தான் வைத்தேன். அப்புறம் நீ. அப்புறம் நான். மேசை நடுவில் நிக்கோலா புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி.

யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் தட்டில் என்ன மிச்சம் இருந்தது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காதுதான் போய்விட்டது. போனில் நீ பேசுவது பானைக்குள் வண்டு கத்துகிற மாதிரி கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, சிரிக்காதே.

தெசாங்காதான் ஆரம்பித்தாள். "ஏண்டி, பெல்கிரேடுல உக்காந்து பொம்மைப்படம் பாக்குறதுக்கா உனக்குப் படிப்பு?" என்று கேட்டாள். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீன் தட்டுகளைத் தள்ளிவிட்டு அந்தக் கணினியைத் திறந்து வைத்தாய். நீல உருண்டையும் சாம்பல் உருண்டையும் கொதிக்கிற பயறு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தன. "இது இரும்பு, இது அலுமினியம், நம்ம கப்பல்ல வெக்கிற இரட்டைப் பட்டைக்குள்ள நடக்குறது இதுதான்" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

க்வோஸ்தென் கேட்டான், "நம்ம பட்டையா? அது எப்படி இருக்கு?"

"வெல்டிங் சூட்டுல நடுவுல ரொம்பக் கலந்துரும். விரிசல் விடும்" என்றாய்.

"நம்ம ஸ்ரெதென் வெச்ச வெல்டிங்கா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

உன் அப்பா க்வோஸ்தெனுடைய கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பை நிறைந்தது, வழிந்தது, மேசைத்துணி சிவந்தது, அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். திருநாள் அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, வந்தவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். இது உனக்குத் தெரியாதா? வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் மேசையைக் குத்தியிருப்பான், நீயும் பதிலுக்குக் கத்தியிருப்பாய், சண்டை அங்கேயே செத்திருக்கும். வாய் கட்டப்பட்ட மனுஷன் முன்னால் நின்று சொன்னாய்.

மறுநாள் காலை நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். அன்றே க்வோஸ்தென் கப்பல் வேலையை நிறுத்தினான். ஆற்றில் பனிக்கட்டி விலகியதும் உன் அப்பா வைத்த பட்டை முழுவதையும் அறுத்து எடுக்கப் போகிறார்களாம். கேபினையே தூக்க வேண்டுமாம், அதற்கு மிதவைக் கிரேன் ஆற்று வழியாகத்தான் வர வேண்டுமாம். உன் அப்பா பட்டறைக்குப் போகிறான், தரையைக் கூட்டுகிறான், திரும்பி வருகிறான். உன் பெயரை வீட்டில் சொல்வதில்லை.

அவனுக்கு எழுது.

ஸ்தமென்கா

*

பெல்கிரேடு
22 ஜனவரி

அன்புள்ள அப்பத்தா,

அப்பாவுக்கு எழுதினேன். பிரிக்காத உறை அப்படியே திரும்பி வந்தது. அம்மாவின் கையெழுத்தில் ஓரத்தில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இருந்தது.

நீங்கள் சொல்வது சரி, அன்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை, அப்பத்தா. கப்பலில் நாளைக்கு ஆட்கள் ஏறுவார்கள். கேபின் ஆட்டம் காணும் என்று எனக்குத் தெரிந்தும், மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டுமா?

எஃகு உடம்பின் மேல் அலுமினியக் கேபினை நேராகப் பற்றவைக்க முடியாது, ஒன்றை ஒன்று ஏற்காது. அதனால்தான் நடுவில் அந்தப் பட்டை. அதன் அடிப்பக்கம் எஃகு, மேல்பக்கம் அலுமினியம், இரண்டையும் தொழிற்சாலையில் வெடிவைத்து ஒரே அடியில் சேர்த்திருப்பார்கள். அப்பா அடிப்பக்கத்தைக் கப்பலோடும் மேல்பக்கத்தைக் கேபினோடும் பற்றவைக்கிறார். அந்தச் சூடு நடுவில் உள்ள ஒட்டுக்குப் போகும்போது இரும்பு அணுக்கள் அலுமினியத்துக்குள் நகரத் தொடங்கும். கொஞ்சம் நகர்ந்தால் பிடிப்பு. அதிகம் நகர்ந்தால் நடுவே ஒரு புதிய அடுக்கு உண்டாகும். அது பீங்கான் மாதிரி, தட்டினால் உடையும். எவ்வளவு நகரும் என்பதுதான் என் வேலை.

அணு நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் ஒரு சின்னப் பெட்டி செய்திருக்கிறேன். இடது பாதி இரும்பு, வலது பாதி அலுமினியம். கப்பல் முழுவதையும் உள்ளே வைக்க இடம் இல்லை, அதனால் இந்தத் துறையில் எல்லோரும் ஒரு தந்திரம் செய்வோம்: வலது சுவரைத் தாண்டி வெளியே போகிற அணு, இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். இப்படிச் செய்தால் சின்னப் பெட்டியும் முடிவில்லாத உலோகம் மாதிரி நடந்துகொள்ளும். பிறகு சூடேற்றுவேன். அலுமினியத்துக்குள் போன இரும்பை எண்ணுவேன்.

எண்ணிக்கையைப் பலமுறை சரிபார்த்தேன். பேராசிரியரும் பார்த்தார். "மேலே செய்" என்றார். வேறு என்ன வேண்டும்?

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அதையாவது எழுதுங்கள்.

நெவெனா

*

தோன்யா ஸ்தேனா
17 பிப்ரவரி

நெவெனா,

இருமல் இருக்கிறது. நேற்று முன்தினம் ஸ்ரெத்தெனியே பண்டிகை, உன் அப்பா பிறந்ததும் அதனால் பெயர் வைத்ததும் அந்த நாளில்தான். கேக் செய்தேன். ஒரு துண்டு தின்றான், "நல்லாருக்கும்மா" என்றான், ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பனிக்கட்டி இந்தக் கரையிலிருந்து ருமேனியக் கரை வரைக்கும் கட்டிக் கிடக்கிறது. அது உருகுவதற்கு எல்லோரும் பிரார்த்தனை செய்கிறார்கள், நான் ஒருத்திதான் உருகாதே என்று கேட்கிறேன். உருகினால் அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

க்வோஸ்தென் பட்டை நெடுகிலும் சிவப்புச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறான், எங்கே அறுப்பது என்று. ருஷிட்சா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அத்தே, அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இவரு தினமும் துடைப்பத்தோட போறாரு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். க்வோஸ்தென் வேறு, "ஸ்ரெதென் கை மெதுவான கை, மெதுவான கைன்னா சூடு ஜாஸ்தி, நான் அப்பவே நெனச்சேன்" என்று மதுக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அப்பவே நினைத்தவன் அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே! அவன் கணக்கு என்னிடம் தனியாக இருக்கிறது.

உன் பெட்டியைப் பற்றிப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். வலது பக்கம் வெளியே அனுப்பினால் இடது பக்கம் வழியாக உள்ளே வருகிறவர்கள் என்றதும் எனக்குத் தெசாங்கா ஞாபகம்தான் வந்தது. மிளகாய் வதக்க என் செப்புக் கொப்பரையை இரவல் வாங்கிப் போய் அடியில் ஓட்டையோடு கொண்டுவந்தாள், அந்த வருஷம் ஆறு கரை புரண்ட வருஷம், நீ பிறக்கவில்லை, உன் அப்பாவுக்கே பல் விழுந்துகொண்டிருந்தது. "இனிமே என் வாசலை மிதிக்காதே" என்றேன். மிதிக்கவில்லை. தோட்டத்துப் பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறாள்.

இந்த மாதிரி ஆட்களைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு எப்படி எண்ணுகிறாயோ, உனக்கே வெளிச்சம்.

நீ சொன்னது பொய்யில்லை என்கிறாய். நான் பொய் என்று சொல்லவில்லை. நான் கேட்டது வேறு. அவனைக் குனிய வைத்துவிட்டாய், நிமிர வைக்க வழி பார்.

ஸ்தமென்கா

*

பெல்கிரேடு
11 மார்ச்

அப்பத்தா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மார்ச் எட்டு மகளிர் தினத்துக்கு உங்களுக்குப் பூ அனுப்ப முடியாதே, ஒரு படம் அனுப்பலாம் என்று நினைத்தேன். என் பெட்டியின் படம். இரும்பை எல்லாம் மறைத்துவிட்டு, அலுமினியத்துக்குள் புகுந்த இரும்பை மட்டும் சிவப்பாக்கி, அழகாக அச்செடுக்கலாம் என்று. இத்தனை மாதமாக எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

நடுவில் ஒட்டு இருக்கும் இடத்தில் சிவப்பு இருந்தது. சரி. ஆனால் பெட்டியின் வலது ஓரத்திலும் அதே அளவு சிவப்பு இருந்தது. ஒரு ரொட்டித்துண்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் கடித்த மாதிரி.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. வலது சுவரைத் தாண்டினால் இடது பக்கம் வரும் என்று உங்களுக்கு நானே எழுதினேன். இடது பக்கம் என்ன இருக்கிறது? இரும்பு. அப்படியென்றால் அலுமினியத்தின் கடைசியும் இரும்பின் தொடக்கமும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. என் பெட்டியில் ஒரு ஒட்டு இல்லை, இரண்டு ஒட்டு. இரண்டு வழியாகவும் இரும்பு உள்ளே வந்திருக்கிறது. தெசாங்கா பாட்டி தோட்டத்துப் பக்கமாக வந்துகொண்டே இருந்திருக்கிறார், நான் எல்லோரும் வாசல் வழியாக வந்ததாக எண்ணியிருக்கிறேன்.

கப்பலில் இருப்பது ஒரே ஒட்டு. ஆகவே நான் சொன்னதில் பாதிதான் உண்மை. பாதி என்றால், அப்பத்தா, அது உடைகிற அளவுக்குக் கீழே. நன்றாகவே கீழே. அப்பாவின் பட்டை நல்ல பட்டை.

அழுதேன். சந்தோஷமா வெட்கமா தெரியவில்லை. பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சிரித்தார். "ஆக, பாத்துட்ட" என்றார், அவ்வளவுதான்.

அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. அறுப்பதை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

நெவெனா

*

தோன்யா ஸ்தேனா
18 மார்ச்

நெவெனா,

சொல்ல மாட்டேன்.

நீ மேசையில் சொன்னாய், எல்லோரும் கேட்டார்கள். மேசையில் வந்து மாற்றிச் சொல். அடுப்படியில் வைத்து நான் என் மகன் காதில் ஓதினால் அது ஆறுதல். அவனுக்கு ஆறுதல் வேண்டாம், க்வோஸ்தென் முகத்தை அவன் பார்க்க வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு அன்று வா. நோன்புக் காலத்தில் மீன் தின்ன அனுமதி உள்ள நாள் அது. அதே கெண்டை, அதே அக்ரூட் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ், அதே ஊர் ஆட்கள். நான் கூப்பிடுகிறேன். தெசாங்காவையும் கூப்பிடுகிறேன், என்ன செய்வது, அவளும் கேட்டாளே. திருநாள் இல்லை, அதனால் உன் அப்பா உட்காரலாம், கத்தவும் செய்யலாம். கத்தினால் வாங்கிக்கொள்.

அறுப்பதைப் பற்றி: பட்டறைக்குப் போனேன். க்வோஸ்தென், "ஆத்தா, இந்தச் சேத்துல ஏன் வந்தீங்க, விழுந்துருவீங்க" என்றான். "குருத்தோலை ஞாயிறு வரைக்கும் ரம்பத்தைத் தொட்டேன்னா உன் மேலதான் விழுவேன்" என்றேன். காரணம் சொல்லவில்லை. பனிக்கட்டி போய்விட்டது, அவனுக்கு அவசரம், தலையைச் சொறிந்தான், "ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன்" என்றான். கேட்டதற்கு மேலேயே கொடுத்தான். அதையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் பேராசிரியர் ஏன் சிரித்தார்? நீ ஓடிப்போய்த் தப்புச் செய்துவிட்டேன் என்று சொன்னால் ஒரு மனுஷர் பதறுவார், அல்லது திட்டுவார். "பாத்துட்ட" என்றால் என்ன அர்த்தம்? யோசித்து எழுது.

ஸ்தமென்கா

*

பெல்கிரேடு
14 ஏப்ரல்

அன்புள்ள அப்பத்தா,

பஸ்ஸில் வழியெல்லாம் என் வெள்ளைக் கோட்டில் உங்கள் மீன் வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு முறை என்னை முகர்ந்து பார்த்தார்.

நான் எழுந்து நின்று சொல்லி முடித்தபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, க்வோஸ்தெனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கத்துவார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். "மீன் ஆறுது, உக்காந்து சாப்புடு" என்றார். நான்கு மாதத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

மறுநாள் பட்டறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வரவில்லை. க்வோஸ்தென் என் கணக்கை நம்பவில்லை. அது நியாயம்தான், ஒருமுறை தப்பாகச் சொன்னவளை ஏன் நம்ப வேண்டும்? "ஒரு துண்டை வளைச்சுப் பாருங்க" என்றேன். அப்பா பற்றவைத்த கடைசி ஓரத்திலிருந்து ஒரு துண்டு அறுத்தார்கள். அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைத்தார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்தது. க்வோஸ்தென் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், நாக்கால் தொட்டது கூட எனக்கு ஞாபகம். விரிசல் இல்லை. பிறகு அவரே ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்ச் சிவப்புக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பாதி தூரம் போனதும் அப்பா போய் அவர் கையிலிருந்து துணியை வாங்கி மீதியைத் துடைத்தார். வளைந்த துண்டு அப்பாவின் கோட்டுப் பையில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

பஸ்ஸுக்கு வரும்போது கேட்டார், "அந்தப் பெட்டியில ரெண்டாவது வெல்டிங் யாரு வெச்சது?"

"யாரும் வெக்கலப்பா, தானா வந்தது."

"தானா வந்த வெல்டிங்குக்கா என் தலைய உருட்டுனீங்க!" சொல்லிவிட்டு இருமும் வரை சிரித்தார்.

நீங்கள் கேட்ட கேள்வி. யோசித்தேன், பிறகு பேராசிரியரிடமே கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது, அப்பத்தா. தொடக்கத்திலிருந்தே இல்லை, நிக்கோலா திருநாள் அன்று, நம் மேசையில், படம் ஓடியபோது பார்த்துவிட்டாராம். இரண்டு பக்கமும் கடிபட்டிருப்பது அங்கேயே கண்ணில் பட்டதாம். "முதல் பெட்டி செய்யிற எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன். நான் சொல்லிட்டா உனக்கு மறந்துரும், நீயா கண்டுபுடிச்சா சாகுற வரைக்கும் மறக்காது" என்றார். அவர் எல்லா மாணவர்களிடமும் அப்படித்தான். நான் கோபப்படவில்லை. உண்மையிலேயே மறக்க மாட்டேன்.

கப்பலை வசந்த நிக்கோலா அன்று ஆற்றில் இறக்குகிறார்களாமே? மே இருபத்திரண்டுக்கு வருகிறேன். அவரும் வர ஆசைப்படுகிறார். உங்கள் கெண்டைமீனைப் பற்றித் துறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

நெவெனா

*

தோன்யா ஸ்தேனா
25 மே

நெவெனா,

நீ பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனதாக உன் அம்மாவுக்குச் செய்தி வந்தது. நல்லது. உன் பையில் நான் வைத்த ஜாடி மூடியை மெதுவாகத் திற, பிளம் ஜாம் பொங்கும்.

நீ போன பிறகு மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். கப்பல் துறையில் கட்டி நிற்கிறது, வெள்ளையாக, புதுமணப்பெண் மாதிரி. உன் அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கேபினுக்கும் உடம்புக்கும் நடுவில் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடக்கிறான். யாராவது பார்த்தால் கயிறு சரிபார்ப்பதாகச் சொல்கிறான். இருமல் குறைந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் உன் பெயரை நாலு தரம் சொல்கிறான், கேட்காதவர்களிடமும் சொல்கிறான்.

நான் இப்போது மனசைக் கொஞ்சம் காலி செய்துகொண்டிருக்கிறேன். இத்தனை நாள் தூக்கிச் சுமந்தது போதும்.

உன்னை மன்னித்தேன். எழுந்து நின்று சொன்னாயே, அப்போதே.

க்வோஸ்தெனையும் மன்னித்தேன். மதுக்கடையில் பேசியதை மறக்கவில்லை. ஆனால் கோட்டைத் தன் கையாலேயே துடைத்தான், அதுவும் எல்லோர் கண் முன்னாலும். இந்தத் தரம் பூட்ஸையும் கழற்றிவிட்டு வந்தான்.

தெசாங்காவை மன்னித்தேன். கொப்பரையையும் சேர்த்து. "வாசல் வழியா வாடி, தோட்டத்துல செடி நட்டிருக்கேன்" என்றேன். "முழங்கால் வலிக்கு இதான் கிட்ட" என்று மறுபடியும் தோட்டத்து வழியாகத்தான் வந்தாள். போகட்டும்.

இப்போது, கப்பல் இறக்கிய அன்றைக்கு நீ என்னைக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். "அப்பத்தா, ஏன் அவருக்கு வால் துண்டு வெச்சீங்க?" என்று அடுப்படியில் வந்து கேட்டாய். உன் அம்மா பக்கத்தில் நின்றதால் அப்போது சொல்லவில்லை.

நிக்கோலா நாளில் யார் வந்தாலும் வாசலை அடைக்க முடியாது. வந்தவருக்கு ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும். செய்தேன். இரண்டு துண்டு ரொட்டி கூடுதலாகவே வைத்தேன். தலைத்துண்டு க்வோஸ்தெனுக்குப் போனது. அந்த ஆள் தட்டைப் பார்த்தார், க்வோஸ்தென் தட்டைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கேட்டார், "என்னம்மா, போன தடவை எனக்குத் தலை கெடச்சுதே, இப்ப வாலா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்களே கண்டுபுடிங்க" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடியும் தொடங்கியது, பிறகு நின்றேவிட்டது. வாலைக் கடைசி முள் வரைக்கும் சுத்தமாகத் தின்றார். போகும்போது உன் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கண்டுபிடித்துவிட்டாரோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் மறந்துவிடுவாராம்.

உனக்கு அவர் நல்ல வாத்தியாராக இருக்கலாம். உனக்குப் பாடம் கற்பிக்க உன்னைக் காக்க வைத்தார், அது உங்களுக்குள். ஆனால் டிசம்பரில் அந்த மேசையில் மாணவி ஒருத்தி மட்டும் இல்லை. ஜாடியோடு வாய் கட்டி நின்ற ஒருவனும் இருந்தான். துணி சிவந்தபோது "கொஞ்சம் பொறுங்க, இதுல ஒரு தப்பு இருக்கு" என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சில் "மீன் அருமை" என்றார். குளிர்காலம் முழுக்க என் மகன் தரையைக் கூட்டினான்.

ஜூலையில் வரும்போது சட்டை கொண்டுவா, பித்தான் விழுந்திருந்ததைப் பார்த்தேன், தைத்துத் தருகிறேன். கெண்டை இருக்கும். வாசல் திறந்திருக்கும், உனக்கும், உன்னோடு யார் வந்தாலும் அவர்களுக்கும்.

அன்று வீட்டில் இருந்தவர்களில் இன்னும் மன்னிக்காதது ஒரே ஒரு ஆளைத்தான். பேராசிரியர் வுகாஷின்.

ஸ்தமென்கா